மனசுக்கு மட்டும் பத்து கூடுதல்

பாத்ஃபைண்டர் என்ற மேசை விளையாட்டுக்கு 2015இல் 'ஆக்கல்ட் அட்வென்சர்ஸ்' என்றொரு விதிப் புத்தகம் வந்தது. மனசாலேயே மந்திரம் போடுகிற 'சைக்கிக்' பாத்திரங்களுக்கு அதில் இரண்டு விதிகள் இருக்கின்றன. முதலாவது: இவர்கள் வாயால் எதையும் உச்சரிக்க வேண்டாம், கையால் முத்திரை காட்ட வேண்டாம். ஆனால் இடைஞ்சலுக்கு நடுவில் மந்திரம் போட முயன்றால், கவனம் கலையாமல் இருக்கத் தாண்ட வேண்டிய எண் பத்து கூடிவிடும். இரண்டாவது: வேறு யாரோ உண்டாக்கிய அச்சமோ ஆத்திரமோ மனசைப் பிடித்திருக்கும் நேரத்தில் இவர்களால் மந்திரம் போடவே முடியாது.

சில பத்திகள்தான். ஆனால் மனம் எப்படி ஒன்றில் நிற்கிறது, எப்படி நழுவுகிறது என்பதைப் பற்றி நான் படித்த பல சுயமுன்னேற்றப் புத்தகங்களைவிட இந்தப் பத்திகளில் கவனிப்பு அதிகம் என்பது என் கட்சி. அதே சமயம் இதில் ஒரு பெரிய விடுபடலும் இருக்கிறது. அதைக் காட்டிக் கொடுப்பது சென்னையில் 1907இல் நடந்த ஒரு நிகழ்ச்சி. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

விளையாட்டு விதியை ஒரு பிரதியைப் போல வாசிப்பதா என்று சிலருக்குத் தோன்றலாம். யாப்பிலக்கணமும் விதிதானே. வெண்பாவின் ஈற்றடி ஏன் முச்சீரில் முடிகிறது என்று கேட்டால் அது ஓசையைப் பற்றிய கேள்வி. ஒரு கவன விதி ஏன் பத்து என்ற எண்ணைக் கேட்கிறது என்பது மனசைப் பற்றிய கேள்வி.

1

விளையாடியிராதவர்களுக்காகக் கொஞ்சம் கணக்கு.

பாத்ஃபைண்டரில் ஒரு மந்திரக்காரர் மந்திரம் போடும்போது எதிரி கைக்கெட்டும் தூரத்தில் நிற்கிறான் என்று வையுங்கள். அடி வாங்காமல் போட்டு முடிக்க இருபது முகப் பகடையை உருட்ட வேண்டும். வந்த எண்ணோடு தன் லெவலையும் அறிவுக்கான கூட்டெண்ணையும் சேர்க்க வேண்டும். அது பதினைந்துடன் மந்திரப் படியின் இரு மடங்கைச் சேர்த்த எண்ணை எட்ட வேண்டும். ஐந்தாம் லெவல் சைக்கிக், அறிவு 18 என்றால் கூட்டெண் 4. ஆக 5ம் 4ம் சேர்ந்து 9. இரண்டாம் படி மந்திரத்துக்கு இலக்கு 19. பகடையில் 10 அல்லது அதற்கு மேல் விழுந்தால் போதும். வாய்ப்பு 55 சதவீதம்.

வாயையும் கையையும் பயன்படுத்துகிற சாதாரண மந்திரவாதிக்கு இந்தக் கணக்கு இப்படியே நிற்கும். சைக்கிக்கின் மந்திரத்தில் 'எண்ண உறுப்பு' இருந்தால் இலக்கு 29 ஆகிவிடும். பகடையில் 20 விழுந்தால்தான் உண்டு. 55 சதவீதம் 5 சதவீதமாகச் சரிகிறது. இதே ஆள் நான்காம் லெவலில் இருந்தால் 20 விழுந்தாலும் 28தான் வரும். சான்ஸே இல்லை.

இதற்கு விதி ஒரு வழியும் விட்டுவைக்கிறது. மந்திரத்தைத் தொடங்கும் முன் தன் நகர்வை விட்டுக்கொடுத்து மனசை ஒருநிலைக்குக் கொண்டுவந்தால் அந்தப் பத்து நீங்கிவிடும். பாத்ஃபைண்டரில் ஒரு முறைக்கு ஒரு செயல், ஒரு நகர்வு. ஓடுவதும் விலகுவதும் கதவைத் திறப்பதும் எல்லாம் அந்த நகர்வில்தான். சைக்கிக் அதைச் செலவழித்து நின்ற இடத்திலேயே நிற்கிறார். எதிரி பக்கத்தில் இருக்கிறான், ஓடலாம், ஓடினால் மனம் சிதறும். நின்றால் மனம் கூடும், ஆனால் அடுத்த அடி வாங்க அங்கேயே இருக்க வேண்டும். எங்கள் மேசையில் ஒவ்வொரு சண்டையிலும் சைக்கிக் ஆடுகிறவர் அதிக நேரம் யோசிப்பது இந்த இடத்தில்தான். கவனத்துக்கான விலையைக் காலிடமிருந்து வாங்கிக்கொள்கிற விதி இது.

2

ஏன் பத்து? ஒரு சமநிலைக் காரணம் உண்டு. சைக்கிக்கின் கையைக் கட்டி வாயைப் பொத்தினாலும் மந்திரம் போடுவார். ஓசையே எழாத இடத்திலும் போடுவார். இவ்வளவு சலுகை கொடுத்தால் எங்காவது பிடித்துக்கொள்ள வேண்டும். விதி எழுதுகிறவரின் கணக்கு அது.

ஆனால் பிடித்துக்கொண்ட இடம் முக்கியம். இதே பிரச்சினையை டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஐந்தாம் பதிப்பு வேறு மாதிரி தீர்த்தது. அதன் 2020ஆம் ஆண்டுத் துணைப் புத்தகத்தில் 'அபெரன்ட் மைண்ட்' என்றொரு மந்திரக்கார வகை வருகிறது. அந்த ஆள் தன் மந்திரப் புள்ளிகளைச் செலவழித்தால் வாயும் கையும் இல்லாமலே போடலாம். அதன் பிறகு கவனம் கலைய ஒரு கூடுதல் காரணமும் கிடையாது. அந்தப் புத்தகத்தின் பார்வையில் வாயும் கையும் மனசுக்குச் சுமை, கழற்றி வைத்தால் மனம் லேசாகிவிடும். பாத்ஃபைண்டரின் பார்வையில் அவை மனசுக்கு ஊன்றுகோல், பிடுங்கிக்கொண்டால் மனம் தள்ளாடும்.

எது உண்மைக்குப் பக்கம்? நம் பிள்ளைகள் வாய்ப்பாட்டை எப்படிப் படிக்கிறார்கள் என்று பாருங்கள். ஓரிரண்டு ரெண்டு, ஈரிரண்டு நாலு என்று உடம்பை முன்னும் பின்னும் ஆட்டி ராகம் போட்டுத்தான். ஜபம் செய்கிற பாட்டி கையில் மணிமாலை உருள்கிறது. ஜப்பானில் ரயில் ஓட்டுநர்கள் சிக்னலைப் பார்த்ததும் கையால் சுட்டிக் காட்டி, அதன் நிலையை வாய்விட்டுச் சொல்கிறார்கள். பக்கத்தில் கேட்க ஆளே இல்லாவிட்டாலும் சொல்கிறார்கள். பார்த்தது மனசில் பதியாமல் போகக் கூடாது என்பதற்காக வைத்த பழக்கம் அது. விளையாட்டு மொழியில் சொன்னால் வாய் உறுப்பு ஒன்று, கை உறுப்பு ஒன்று.

நாங்கள் விளையாடுகிற வடக்குப்பட்டு, ஒரகடத்தை ஒட்டிய ஊர். சுற்றிலும் கம்பெனிகள். இங்கே 2022இல் இந்தியத் தொல்லியல் துறை அகழாய்வு செய்தபோது கற்காலக் கருவிகள் கிடைத்தன. இந்தப் பகுதி முழுக்கவே அப்படித்தான்: பல்லாவரத்தில் ராபர்ட் புரூஸ் ஃபூட் 1863இல் கண்டெடுத்த கற்கருவியிலிருந்துதான் இந்தியத் தொல் பழங்கால ஆய்வின் கதையைத் தொடங்குவார்கள். கல்லைச் செதுக்குவது எந்தக் கோணத்தில் எவ்வளவு விசையில் அடிப்பது என்ற விஷயம். ஒரு அடி பிசகினால் கருவி இரண்டாகப் போய்விடும். அந்த வேலையில் நினைப்பையும் கையையும் தனித்தனியாகப் பிரிக்க முடியாது.

எங்கள் மேசையில் சைக்கிக் ஆடுகிற தம்பிக்குத் தரச் சோதனை வேலை. இந்தப் பத்தை நான் விளக்கியபோது அவன் சொன்னது: "அண்ணா, இது கரெக்டுதான். கைல ஸ்க்ரூ போடுற வேலைனா எட்டு மணி நேரமும் ஓடிடும். கண்ணால மட்டும் பாத்துக்கிட்டே இருக்கணும் பாருங்க, அதுலதான் மனசு எங்கயோ போயிடும்." நார்மன் மாக்வொர்த் என்ற பிரிட்டிஷ் உளவியலாளர் 1948இல் வெளியிட்ட ஆய்வு கிட்டத்தட்ட இதைத்தான் சொல்கிறது. ரேடார் திரையைப் பார்த்துக்கொண்டிருக்கும் போர்வீரர்களின் பிரச்சினைக்காக அவர் ஒரு கடிகாரம் செய்தார். முள் நகர்ந்துகொண்டே இருக்கும், எப்போதாவது ஒரு முறை இரட்டைத் தாவல் தாவும். அதைக் கண்டுபிடிக்க வேண்டும், அவ்வளவுதான். முதல் அரை மணி நேரத்துக்குப் பிறகு ஆட்கள் தவறவிடுவது தெளிவாகக் கூடியது. பயிற்சி பெற்ற, அக்கறையுள்ள ஆட்கள்தான். வாய்க்கும் கைக்கும் வேலையில்லாத கவனம் அப்படிப்பட்டது. அதற்குப் பத்து கூட்டிய விதியைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

3

இரண்டாவது விதி இதைவிட நுட்பமானது. கை முத்திரைக்குப் பதிலாகச் சைக்கிக்கின் மந்திரத்தில் ஓர் 'உணர்ச்சி உறுப்பு' வருகிறது. மந்திரத்துக்குத் தேவையான உணர்ச்சியை அவரே தன்னுள் எழுப்ப வேண்டும். வெளியிலிருந்து தீங்காக வந்த அச்சமோ வேறு உணர்ச்சியோ ஆட்டிப்படைக்கும்போது அது முடியாது. பகடை உருட்டவே இடமில்லை. மந்திரத்துக்குக் கோபம் தேவை, எதிரியின் மந்திரமும் கோபத்தைத்தான் மூட்டியிருக்கிறது என்றாலும் செல்லாது. அந்தக் கோபம் உன்னுடையது இல்லை, உன் பிடியில் அது இல்லை என்கிறது விதி.

நடைமுறையில் இது மிகக் கொடூரமாக வேலை செய்யும். மந்திரமே தெரியாத ஒரு முரடன் வந்து அதட்டினால் போதும். அந்த ஐந்தாம் லெவல் சைக்கிக்கின் விவேகக் கூட்டெண் 1 என்றால், அதட்டுகிறவன் எட்ட வேண்டிய எண் 16. எட்டிவிட்டால் ஆள் ஒரு சுற்றாவது நடுங்குவார், உணர்ச்சி உறுப்புள்ள மந்திரங்கள் அத்தனையும் பூட்டிக்கொள்ளும். இது அநியாயம் என்று புலம்புகிற ஆட்டக்காரர்கள் உண்டு. சமநிலைக் கோணத்தில் அவர்கள் சொல்வதில் நியாயமும் உண்டு. ஆனால் மேலே நிற்கிற ஒருவரின் ஒற்றை அதட்டலில் தெரிந்த விடை மறந்துபோன அனுபவம் இல்லாதவர் நம்மில் யார்? அதட்டுகிறவருக்கு நம்மைவிட அதிகம் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

இங்கேதான் செய்குத்தம்பிப் பாவலரைக் கூப்பிட வேண்டும். நாகர்கோவிலை அடுத்த இடலாக்குடியில் 1874இல் பிறந்தவர். சென்னை விக்டோரியா பப்ளிக் ஹாலில் 1907 மார்ச் 10 அன்று சதாவதானம் செய்து 'சதாவதானி' என்று அழைக்கப்பட்டவர். ஒரே அமர்வில் பலர் தொடுக்கும் பல்வகைக் கேள்விகளையும் இடையூறுகளையும் மனதில் தாங்கி, அத்தனைக்கும் விடை சொல்வது அவதானம். எட்டு என்றால் அட்டாவதானம், நூறு என்றால் சதாவதானம். இன்று கவனகம் என்றும் சொல்கிறோம். முதுகில் எறியப்படும் கற்களையோ பூக்களையோ எண்ண வேண்டும், அடிக்கிற மணியை எண்ண வேண்டும், கணக்குப் போட வேண்டும், சதுரங்கம் ஆட வேண்டும், கொடுத்த ஈற்றடிக்கு வெண்பா கட்ட வேண்டும். உலகத்தில் கவனத்துக்கென்றே விதி எழுதி ஆடிய பழைய விளையாட்டுகளில் இது ஒன்று. பகடைக்குப் பதிலாக நிஜ மனம்.

பாவலரைப் பற்றி மேடைகளில் திரும்பத் திரும்பச் சொல்லப்படும் கதை ஒன்று உண்டு. வெண்பாவுக்கு ஈற்றடி கொடுத்தவர், 'துருக்கன்' ஒருவனுக்கு ராமன் துணை என்ற பொருள் வரும்படி கொடுத்தாராம். பாவலர் இஸ்லாமியர். அவையில் அத்தனை பேர் முன்னால் அவருடைய மதத்தைத் தொட்டுப் பார்க்கிற சீண்டல் அது. கோபப்பட்டால் பாட்டு போயிற்று, அடிபணிந்தால் மானம் போயிற்று. அவர் முந்தைய அடியின் கடைசியில் 'சத்' என்று முடிக்க, அடுத்த அடியின் சொல் தானாகச் 'சத்துருக்கன்' ஆகிவிட்டது. ராமனின் தம்பிக்கு ராமன் துணை. யாருக்கும் மறுக்க வழியில்லை.

இந்தக் கதையை எப்போதும் மதநல்லிணக்கத்துக்கு உதாரணமாகச் சொல்வார்கள். அல்லது சொற்சாமர்த்தியத்துக்கு. நான் அதை உணர்ச்சி உறுப்பு விதியின் உதாரணமாக வாசிக்கிறேன். ஈற்றடி கொடுத்தவர் கேட்டது பாட்டு, குறி வைத்தது உணர்ச்சியை. அவர் மூட்ட நினைத்த உணர்ச்சி பாவலரைப் பிடித்திருந்தால் அந்த 'சத்' கிடைத்திருக்காது. அந்தச் சொல்லை வெறும் எழுத்துகளாக, முன்னால் ஓர் அசை சேர்க்க இடமுள்ள எழுத்துகளாகப் பார்க்கிற தூரம் அவரிடம் இருந்தது.

இதிலிருந்து 'கவனம் உள்ளவர் உணர்ச்சியற்றவர்' என்ற முடிவுக்குப் போய்விடக் கூடாது. வள்ளலாரின் பாடல்கள் அருட்பாவா மருட்பாவா என்ற சண்டை தமிழ்நாட்டை உலுக்கியபோது பாவலர் அருட்பா கட்சியில் நின்று பேசினார். எதிர்க்கட்சியில் நின்றவர் யாழ்ப்பாணத்துக்காரரான நா. கதிரைவேற்பிள்ளை, திரு.வி.க.வின் ஆசிரியர். அவரும் சதாவதானி! நூறு விஷயத்தைத் தாங்குகிற இரண்டு மனங்கள், இரண்டு எதிர் அணிகளில், முழு வேகத்தோடு. ஆக ஒருமுகப்பட்ட மனம் என்பது அமைதியான மனமும் இல்லை, சரியான மனமும் இல்லை. விதி கேட்பது உணர்ச்சி யாருடைய பிடியில் இருக்கிறது என்பதை மட்டும்தான். அதை நற்குணமாக்காமல் விட்டதில் அதன் நேர்மை இருக்கிறது.

4

இந்த 'சைக்கிக்' என்ற ஆள் எங்கிருந்து வந்தார் என்பதையும் பார்த்துவிடலாம். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் 1974இல் வெளியானது. இரண்டே ஆண்டில், 1976இல், மனசக்தி விதிகள் அதில் நுழைந்துவிட்டன. ஆனால் 'ஆக்கல்ட் அட்வென்சர்ஸ்' தேர்ந்துகொண்ட உலகம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஆவியுலகம்: மீடியம், மெஸ்மெரிஸ்ட், ஸ்பிரிச்சுவலிஸ்ட் என்ற வகுப்புப் பெயர்களே சொல்லிவிடும். கூடவே சக்கரங்களுக்கும் தனி விதிகள் இருக்கின்றன.

யோகத்தின் சொற்களும் ஐரோப்பிய ஆவியுலகத்தின் சொற்களும் கைகோத்த இடங்களில் முக்கியமானது நம்ம அடையாறு. பிளாவட்ஸ்கியும் ஆல்காட்டும் தியசாபிகல் சொசைட்டியின் தலைமையகத்தை 1882இல் அங்கே கொண்டுவந்தார்கள். பிறகு அன்னி பெசன்ட் எண்ண சக்தியைப் பற்றிப் புத்தகமே எழுதினார். பதஞ்சலி தாரணை, தியானம், சமாதி என்று வரிசைப்படுத்தியதும், திருமூலர் மூன்றாம் தந்திரத்தில் அட்டாங்க யோகத்தையும் அட்டமா சித்தியையும் வைத்ததும், 'மறைபொருள் சக்திகள்' என்ற பொதுத் தலைப்பின் கீழ் ஆங்கிலத்தில் பரவ இவர்கள் பெரிய காரணம். அந்தத் தலைப்புதான் நூறு வருஷத்துக்கு மேல் சுற்றிவிட்டு அமெரிக்காவில் வெளியான விதிப் புத்தகத்தில் வந்து உட்கார்ந்திருக்கிறது. அடையாற்றிலிருந்து பஸ் பிடித்து வந்துவிடக்கூடிய ஒரு ஊரில் அதை நாங்கள் பி.டி.எஃபில் படித்துக்கொண்டிருக்கிறோம்.

இந்தச் சுற்றில் ஒன்று தொலைந்தது. யோகியும் சித்தரும் தனியாள். மீடியம் இருட்டறையில் உட்கார்ந்த தனியாள். அவர்களிடமிருந்து செய்த விதியில் மனம் எப்போதும் தனியாள் மனம்தான். அவதானி அப்படியில்லை. அவை இல்லாமல் அவதானம் இல்லை.

5

விடுபடல் என்று நான் முதலில் சொன்னது இதைத்தான். இரண்டு பகுதியாகச் சொல்கிறேன்.

முதல் பகுதி, திரும்பி வருவது. பாத்ஃபைண்டரில் கவனம் கலைந்தால் மந்திரம் போயிற்று. அன்றைய பங்கில் ஒன்று வீண். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஐந்தாம் பதிப்பில் கவனம் என்பது போட்ட மந்திரத்தைத் தொடர்ந்து தாங்குவதற்கு. ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் தாங்கலாம், அடி விழுந்தால் பத்தையோ அடியில் பாதியையோ, எது பெரிதோ அதை எட்ட வேண்டும். தவறினால் அங்கேயும் போயிற்றுதான். அந்தச் சோதனையை அறிவை வைத்துச் செய்யாமல் உடல் வலுவை வைத்துச் செய்வது நல்ல யோசனை. தூங்காத, சாப்பிடாத உடம்பில் கவனம் நிற்காது என்பது ஷிஃப்டுக்குப் போகிற எல்லோருக்கும் தெரியும். ஆனால் இரண்டு விளையாட்டிலும் மனம் ஒரு முறை நழுவினால் கதை முடிந்தது.

இதற்குப் பழைய வேர் ஒன்று உண்டு. இந்த விளையாட்டுகளின் மந்திர முறை ஜாக் வான்ஸின் 1950ஆம் ஆண்டுப் புத்தகமான 'தி டையிங் எர்த்'திலிருந்து வந்தது. அதில் மந்திரவாதி சிரமப்பட்டு மந்திரத்தை மனதில் ஏற்றுவார், சொல்லி முடித்ததும் அது மனதிலிருந்து அழிந்துபோகும். மறப்பதன் மேல் கட்டப்பட்ட மந்திரம்.

அவதானம் நினைவில் வைப்பதன் மேல் கட்டப்பட்டது. தெலுங்கில் அது இன்றும் உயிரோடு இருக்கிறது. அங்கே எப்படி நடக்கிறதென்று பார்த்தால் ரகசியம் புரியும். அவதானி எட்டு பேருக்கும் ஒரே நொடியில் விடை சொல்வதில்லை. ஒரு சுற்றில் ஒருவருக்கு ஓர் அடி, அடுத்தவருக்கு ஓர் அடி என்று போய், அடுத்த சுற்றில் முதலாமவரிடம் திரும்பி வந்து விட்ட இடத்தில் தொடர்கிறார். நடுவில் மணி அடிக்கிறது, பூ விழுகிறது. சம்பந்தமில்லாத பேச்சுப் பேசிக் குழப்புவதற்கென்றே ஒருவர் நியமிக்கப்பட்டு உட்கார்ந்திருக்கிறார், அவருடைய வேலையே அதுதான். கடைசியில் எல்லாப் பாடல்களையும் முழுதாகச் சொல்லி முடிப்பதற்குப் பெயர் தாரணை. பதஞ்சலியின் அதே சொல். ஆக அவதானியின் மனம் ஒவ்வொரு பாட்டையும் விட்டுவிட்டுப் போகிறது, பிறகு திரும்பி வருகிறது. நழுவாத மனம் என்று ஒன்றை அந்தக் கலை கேட்கவே இல்லை. விட்ட இடம் தெரிந்த மனத்தைத்தான் கேட்கிறது. பாத்ஃபைண்டரில் இந்தத் திரும்பி வருதலுக்கு விதி இல்லை.

இரண்டாவது பகுதி, அவை. அவதானத்தில் கேள்வி கேட்பவர்கள் எதிரிகள் இல்லை. அவர்கள் இடையூறு செய்கிறார்கள், ஆனால் இடையூறுக்கு முறை இருக்கிறது, வரிசை இருக்கிறது. தமிழ் அட்டாவதானத்தின் பழைய பட்டியல்களில் வாய் ஓயாமல் 'வேலும் மயிலும்' என்று சொல்லிக்கொண்டிருப்பதும், கை இலாடச் சங்கிலியைக் கழற்றிக்கொண்டிருப்பதும் வருகின்றன. பார்க்க அவை கூடுதல் சுமை. எனக்கு அவை ஊன்றுகோல்களாகவும் தெரிகின்றன. வாய்க்கும் கைக்கும் வேலை கொடுத்துவிட்டுத்தான் அந்த விளையாட்டு மனசிடம் இவ்வளவு கேட்கிறது.

பாத்ஃபைண்டர் விதியில் அவைக்கு ஒரு சின்ன ஜன்னல் மட்டும் திறந்திருக்கிறது. உணர்ச்சி உறுப்பைப் பூட்டுவது தீங்கு செய்யும் உணர்ச்சி மட்டும்தான். தோழர் ஒருவர் மந்திரத்தால் தைரியத்தையோ நம்பிக்கையையோ ஊட்டினால் அதுவும் வெளியிலிருந்து வந்ததுதான், ஆனால் அது மந்திரத்தைத் தடுக்காது. அதட்டல் பூட்டும், உற்சாகம் பூட்டாது. நல்ல வேறுபாடு. ஆனால் விதி அதற்கு மேல் போகவில்லை. அந்த உற்சாகம் கவனத்துக்கு உதவுமா என்று கேட்டால் புத்தகம் பதில் சொல்லாது.

6

இதெல்லாம் ஒரு விளையாட்டுதானே, இவ்வளவு எதற்கு என்றால், கவனம் என்ற சொல் நம்மிடம் எப்படிப் புழங்குகிறது என்று பாருங்கள். பள்ளியில் 'இவனுக்குக் கவனம் பத்தல.' வேலையில் ஒரு பிசகு நடந்தால் அறிக்கையில் 'கவனக்குறைவு.' இரண்டுமே ஆளின் குணத்தைப் பற்றிய தீர்ப்புகள். தாண்ட வேண்டிய எண் எவ்வளவாக இருந்தது, பக்கத்தில் யார் நின்றது, வாயும் கையும் இருந்ததா, நின்று மனசைக் கூட்ட ஒரு நகர்வு கொடுக்கப்பட்டதா என்ற கேள்விகள் அந்தத் தீர்ப்பில் வருவதில்லை.

இந்த விதி அந்தக் கேள்விகளைக் கட்டாயமாக்குகிறது. கேம் மாஸ்டர் 'நீ கவனமாக இல்லை' என்று சொல்ல முடியாது. 'எதிரி பக்கத்தில் இருக்கிறான், இரண்டாம் படி மந்திரம், வாய் இல்லை, கை இல்லை, இலக்கு 29' என்று உடைத்துச் சொல்லியாக வேண்டும். பகடை தோற்றால் ஆள் மட்டமில்லை, எண் பெரிது. நாள் முழுக்கத் தரச் சோதனையில் நின்றுவிட்டு வருகிற ஒரு பையன் ஞாயிற்றுக்கிழமை இந்த வாக்கியத்தைக் கேட்பது சின்ன விஷயமில்லை என்று எனக்குத் தோன்றுகிறது.

ஆனால் தோற்றால் போயிற்று என்ற பகுதி எங்கள் மேசையில் நெருடிக்கொண்டே இருந்தது. அதனால் அவதானத்திலிருந்து கடன் வாங்கி ஒரு வீட்டு விதி சேர்த்தோம். கவனச் சோதனை தோற்றால் மந்திரம் உடனே அழியாது, தொங்கி நிற்கும். அடுத்த முறை சைக்கிக் தன் நகர்வைக் கொடுத்து விட்ட இடத்திலிருந்து ஒரே ஒரு தடவை மறுபடி முயலலாம், பத்து கூடாது. அதற்குள் வேறு மந்திரம் போடக் கூடாது. இரண்டாவதும் தோற்றால் போயிற்று.

இரண்டு வாரத்தில் இதன் ஓட்டை தெரிந்தது. எதிரிகள் பாய்ந்து வந்து கலைப்பதற்கே அர்த்தமில்லாமல் போனது. கேம் மாஸ்டர் ஆடுகிற அண்ணன், "அப்ப என் ஆளுங்க எதுக்குடா கிட்ட வரணும்?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. இடையூறு செல்லுபடியாகாத அவதானம் வெறும் மனப்பாடம்தான்.

இப்போது விதி இப்படி நிற்கிறது: தொங்கி நிற்கும் மந்திரத்துக்கான நகர்வைச் சைக்கிக் கொடுக்க முடியாது, கைக்கெட்டும் தூரத்தில் நிற்கிற தோழர் ஒருவர் தன் நகர்வைக் கொடுக்க வேண்டும். அவர் ஓட முடியாது, விலக முடியாது, சைக்கிக்கின் பக்கத்தில் நிற்க வேண்டும், அந்தச் சுற்றின் அடியில் பங்கு வாங்க வேண்டும். எதிரிகளுக்குக் கிட்டே வரக் காரணம் திரும்பக் கிடைத்துவிட்டது. கணக்கு இன்னும் முழுசாகச் சரியில்லை, மேல் லெவல்களில் இதை யாரும் சோதித்துப் பார்க்கவில்லை. ஆனால் ஒவ்வொரு முறை சைக்கிக்கின் பகடை தோற்கும்போதும் மேசையில் இருக்கிற மற்ற மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கிறார்கள். யார் நிற்கிறது என்று அவர்கள் முடிவு செய்தாக வேண்டும்.